பூட்டுத்திரையின் பின் எண் மறந்துபோனால்: கைபேசியை அழிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

மேற்கு மாம்பலத்தில் இருக்கும் என் பெரியம்மா, பேரன் ஓயாமல் கைபேசியை எடுத்து விளையாடுகிறான் என்று ஓர் இரவு அதன் பின் எண்ணை மாற்றினார்; விடிந்தபோது புதிய எண் அவருக்கு நினைவில் இல்லை. நான் போய்ச் சேர்வதற்குள் வீட்டில் ஆளுக்கொரு பிறந்த நாளையும் திருமண நாளையும் போட்டுப் பார்த்துவிட்டார்கள். அன்று நான் முதலில் செய்தது, எல்லோர் கையிலிருந்தும் அந்தக் கைபேசியை வாங்கி மேசைமேல் வைத்ததுதான். நீங்களும் அதையே முதலில் செய்யுங்கள்.

பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகள் ஐந்து முறை தவறினால் 30 விநாடி காத்திருக்கச் சொல்லும். தவறுகள் கூடக் கூட அந்த இடைவெளி நீண்டுகொண்டே போகும். ஐபோனில் அதற்கென உள்ள அமைப்பை முன்பே இயக்கி வைத்திருந்தால், பத்தாவது தவறில் உள்ளிருப்பது அனைத்தும் அழிந்துவிடும். ஆகவே ஊகித்துப் போடுவதை நிறுத்திவிட்டு, சற்று நேரம் கழித்து, கைபேசியின் உரிமையாளர் மட்டும் அதை வழக்கமாகப் பிடிக்கும் விதத்தில் பிடித்து, யோசிக்காமல் விரலை ஓட விட வேண்டும். மனம் மறந்த எண்ணை விரல் வைத்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பின் எண்ணாக இல்லாமல் எழுத்துகள் கொண்ட பாஸ்வேர்டாக இருந்தால், கீபோர்டு தமிழில் நிற்கிறதா, பெரிய எழுத்துப் பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 17 முதல், எண்ணை மாற்றி 72 மணி நேரம் ஆகாதிருந்தால் பழைய எண்ணைக் கொண்டே புதியதை அமைத்துக்கொள்ளலாம்.

கைரேகையோ முகமோ இன்னும் திறக்கிறது என்றால் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது, ஆனால் அது குறுகியது. கைபேசியை அணைத்துப் போட்டால் கைரேகை செல்லாது, பின் எண்ணையே கேட்கும். அணைக்காவிட்டாலும் பல ஆண்ட்ராய்டு கைபேசிகள் மூன்று நாளுக்கு ஒருமுறை எண்ணைக் கேட்காமல் விடுவதில்லை. எனவே சார்ஜரில் செருகியே வைத்துக்கொண்டு, அன்றைக்கே வேலையை முடியுங்கள். பழைய எண் தெரியாமல் பூட்டை மாற்ற முடியாது என்றாலும், உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிட முடியும்: படங்களைக் கேபிள் வழியாகக் கணினிக்கு மாற்றலாம், வாட்ஸ்அப் உரையாடல்களைப் பேக்கப் எடுக்கலாம், தொடர்பு எண்கள் கூகுள் கணக்கில் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கலாம். செட்டிங்ஸில் எந்த மின்னஞ்சல் முகவரி இருக்கிறது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதன் தேவை பின்னால் வரும். பெரியம்மாவுக்கு இந்த வழியும் இல்லை, ஏனெனில் ரேஷன் கடைக் கருவியிலேயே அவர் ரேகை இரண்டு மூன்று முறை வைத்தால்தான் விழும்.

கைரேகையும் இல்லாதவர்கள் ஒன்றைத் தெளிவாக முடிவு செய்ய வேண்டும்: கைபேசி திரும்ப வேண்டுமா, அதற்குள் இருப்பது வேண்டுமா? உள்ளிருப்பதை எல்லாம் அழித்துவிட்டுக் கைபேசியை மீட்பது எளிது. உள்ளிருப்பதைப் பூட்டைத் தாண்டி எடுப்பது இன்றைய கைபேசிகளில் அநேகமாக நடக்காத காரியம், ஏனெனில் சேமிப்பு முழுவதும், சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி, குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அதைத் திறக்கும் சாவியில் உங்கள் பின் எண்ணும் ஒரு பகுதி. ஆண்ட்ராய்டு 10 உடன் வெளிவந்த கைபேசிகளிலிருந்து இது கட்டாயமாகிவிட்டது. என் அலுவலக நண்பர் ஒருவரிடம், டேட்டா போகாமல் எடுத்துத் தருவதாகச் சொன்ன ஒரு கடை, மறுநாள், அப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் வெறுமையான கைபேசியைக் கொடுத்து 1,500 ரூபாயும் வாங்கிக்கொண்டது. கைபேசிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்கே போனாலும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அழித்துத் திறக்கிறீர்களா, அழிக்காமலா? அழித்துத் திறப்பதென்றால் அதை நாமே வீட்டில் செய்துகொள்ளலாம். இணையத்தில் விற்கும் பூட்டுத் திறக்கும் மென்பொருள்களும் பெரும்பாலும் இந்த அழிக்கும் வேலையைத்தான் செய்கின்றன.

அழிப்பதற்கு முன், வெளியே ஏற்கெனவே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று வேறொரு கைபேசியிலோ கணினியிலோ பாருங்கள். அதே கூகுள் கணக்கில் நுழைந்து கூகுள் போட்டோஸையும் தொடர்புகளையும் திறந்து, கடைசிப் படத்தின் தேதியைக் கவனியுங்கள். பெரியம்மா விஷயத்தில் அந்தத் தேதி மூன்று மாதம் பின்தங்கியிருந்தது. வைஃபை கிடைத்தால் மட்டுமே படம் ஏற வேண்டும் என்று அமைந்திருந்தது, அவர் வீட்டிலோ வைஃபை கிடையாது. வாட்ஸ்அப் ஏதேனும் கணினியில் இணைந்திருந்தால், பூட்டிய கைபேசியைப் பயன்படுத்தாமலே அது 14 நாள் வரை இயங்கும். முக்கியமான படங்களையும் ஆவணங்களையும் அங்கிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். மெமரி கார்டு இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். சாம்சங் கைபேசியாக இருந்து, தொலைவிலிருந்து பூட்டைத் திறக்கும் வசதியை முன்பே இயக்கியிருந்தால், சாம்சங் கணக்கின் வழியாக ஒன்றும் அழியாமல் திறக்க வாய்ப்புண்டு. அதையும் முயன்று பாருங்கள்.

அடுத்து வருவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1 உடன் வந்த பாதுகாப்பு ஏற்பாட்டின்படி, ரெக்கவரி (பூட்டைத் திறக்காமலே பொத்தான்களை அழுத்தி வரவழைக்கும் பட்டியல்) வழியாக அழிக்கப்பட்ட கைபேசி, அதில் முன்பு இருந்த கூகுள் கணக்கையோ பழைய பூட்டு எண்ணையோ கொடுத்தால்தான் மறுபடி பயன்படும். எண்தான் மறந்துவிட்டது, கணக்காவது தெரிய வேண்டும். நம் வீடுகளில் பெரியவர்களின் கைபேசிக்குக் கணக்கைத் தொடங்கியது பெரும்பாலும் அதை விற்ற கடைப் பையன். மின்னஞ்சல் முகவரி என்ன, பாஸ்வேர்டு என்ன என்பது அவனுக்கும் நினைவிருக்காது. ஆகையால் கணக்கைக் கைப்பற்றாமல் அழிக்கும் வேலையைத் தொடங்கவே கூடாது. சிம்மைக் கழற்றி இன்னொரு கைபேசியில் போட்டால் ஓடிபி அங்கே வரும். கூகுளின் கணக்கு மீட்புப் பக்கத்தில், தொலைபேசி எண்ணையும் பெயரையும் கொடுத்து முகவரியைக் கண்டுபிடித்து, பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம். இதைக் கடைவீதியில் நின்றுகொண்டு செய்வதைவிட, வழக்கமாகப் பயன்படுத்தும் வீட்டு வைஃபையிலும் முன்பு நுழைந்த கணினியிலும் செய்தால் கூகுள் எளிதில் நம்பும். பாஸ்வேர்டை மாற்றியவுடனே கைபேசியை அழிக்க வேண்டாம். 24 மணி நேரம் கழித்தே அழிக்குமாறு கூகுளே கூறுகிறது. அந்த ஒரு நாளைப் பொறுக்காமல் அழித்துவிட்டு, சரியான பாஸ்வேர்டைப் போட்டும் உள்ளே நுழைய முடியாமல் நின்றவர்கள் உண்டு.

அழிக்கும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். கைபேசி இணையத்தில் இருந்தால், தொலைந்த கைபேசியைத் தேட உதவும் கூகுளின் ஃபைண்ட் ஹப் பக்கத்தில் நுழைந்து அங்கிருந்தே அழிக்கலாம். இல்லையென்றால் பாதிக்கு மேல் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, அணைத்த நிலையில் பவர் பொத்தானையும் ஒலியைக் கூட்டும் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால், பல கைபேசிகளில் ரெக்கவரி பட்டியல் வரும்; கூகுளின் பிக்சல் கைபேசியில் ஒலியைக் குறைக்கும் பொத்தானை அழுத்த வேண்டும், புதிய சாம்சங் கைபேசிகளைக் கேபிளால் கணினியுடன் இணைத்திருக்க வேண்டும். திரையைத் தொட்டால் அங்கே பெரும்பாலும் ஒன்றும் நகராது. ஒலிப் பொத்தான்களால் ஃபேக்டரி ரீசெட் என்ற வரிக்கு இறங்கி, பவர் பொத்தானால் தேர்ந்தெடுங்கள்.

ஐபோனில், ஐஓஎஸ் 15.2 அல்லது அதற்குப் பிந்தையது இருந்து இணைய இணைப்பும் இருந்தால், பல தவறுகளுக்குப் பிறகு பூட்டுத்திரையிலேயே அழிக்கும் வாய்ப்பு தோன்றும். ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டு கையில் இருக்க வேண்டும். அது தோன்றாவிட்டால் கணினியுடன் இணைத்து ரெக்கவரி முறையில் மீட்க வேண்டும். மென்பொருள் இறங்க 15 நிமிடத்துக்கு மேல் ஆனால் கைபேசி அந்த முறையிலிருந்து தானே வெளியேறிவிடும். பதறாமல், இறங்கி முடிந்தபின் மீண்டும் ரெக்கவரிக்குள் கொண்டுபோங்கள்.

கணக்கும் கிடைக்கவில்லை என்றால் நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்தான் வழி. வாங்கிய பில்லையும் அடையாள அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு கைபேசிக்கும் உள்ள தனி அடையாள எண்) இருக்கும் அட்டைப்பெட்டியும் இருந்தால் நல்லது. கடைகளில் தரும் வெப்பத்தாள் பில் சென்னை வெயிலில், பீரோவுக்குள்ளேயே, இரண்டு வருடத்தில் வெள்ளைத் தாளாகிவிடக்கூடும் என்பதால், எழுத்து தெரியும்போதே அதைப் படமெடுத்து வைப்பது நல்லது. இணையத்தில் வாங்கியிருந்தால் பழைய ஆர்டர்களிலிருந்து பில்லை மறுபடி இறக்கலாம்.

திறந்த பிறகு சிம்மை அதே கைபேசியில் திரும்பப் போட்டுவிட்டு, அதே தொலைபேசி எண்ணையும் அதே கூகுள் கணக்கையும் கொடுத்தால்தான் வாட்ஸ்அப் பழைய பேக்கப்பைக் கண்டுகொள்ளும். அது கேட்கும்போது தவிர்த்துவிட்டு முன்னே போய்விடாதீர்கள். பணம் அனுப்பும் யூபிஐ செயலிகளுக்கு, பதிவான அந்தச் சிம்மிலிருந்து ஓர் எஸ்எம்எஸ் தானாகப் போக வேண்டும். பெரியம்மாவின் சிம்மில் ரீசார்ஜ் காலம் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்ததால், அந்த எஸ்எம்எஸ் போகாமல், வங்கியில்தான் ஏதோ கோளாறு என்று நாங்கள் அரை மணி நேரம் நினைத்துக்கொண்டிருந்தோம்.