டாரட் ரீடிங்கை நோட்டில் எழுதிப் படிப்பது எப்படி: வாழ்க்கை நோக்கம் பற்றிய ஐந்து கார்டு பயிற்சி

டாரட் ரீடிங் என்பது ஒரு கேள்வியை வைத்து, படம் போட்ட டாரட் கார்டுகளை எடுத்துப் படிப்பது. கார்டுகளைக் கலைத்து எடுத்து வைக்கப் பத்து நிமிடம் போதும். நேரம் பிடிப்பது அதற்கு அப்புறம் உள்ள வேலைதான். புதிதாகத் தொடங்குபவர்களில் பலர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். கார்டைத் திருப்பி, கூட வந்த கையேட்டில் அர்த்தம் பார்த்து, "ஆமா, சரியாத்தான் இருக்கு" என்று மூடி வைத்தால் இரண்டே நாளில் எல்லாம் மறந்துவிடும். "நான் எதற்காக வாழ்கிறேன், எந்த வேலைக்கு என்னைக் கொடுக்கலாம்" என்பது போன்ற கேள்விக்கு அந்தப் பார்வை போதாது.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடலாம். டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டு விளையாடப் பிறந்த கட்டு. குறி பார்க்கும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டு பிரான்சில்தான் பரவியது. கார்டு உங்கள் விதியை அறிந்து வைத்திருக்கிறது என்ற எண்ணத்தில் இந்தப் பயிற்சி எழுதப்படவில்லை. படத்தைப் பார்த்ததும் மனதில் எழுவது உங்களுடைய சரக்கு. அதை எழுதிப் பார்த்து, உங்கள் வாழ்க்கையோடு ஒத்துப் பார்ப்பதே இங்கே வேலை. கிளி ஜோசியத்தில் கிளி அட்டையை எடுக்கும், பலன் சொல்ல ஜோசியர் இருப்பார். இதில் எடுப்பதும் படிப்பதும் நீங்களே என்பதால், சரிபார்க்கும் பொறுப்பும் உங்களிடம்தான்.

தேவையானவை

78 கார்டு உள்ள ஒரு கட்டு: தனிப் பெயர் கொண்ட 22 மேஜர் ஆர்கானா, சாதாரண சீட்டுபோல நான்கு வகையாக வரும் 56 மைனர் ஆர்கானா. அந்த நான்கு வகை வாண்ட்ஸ் (கழி), கப்ஸ் (கிண்ணம்), ஸ்வார்ட்ஸ் (வாள்), பென்டக்கிள்ஸ் (காசு வட்டு). தொடக்கத்துக்கு ரைடர் வெயிட் ஸ்மித் கட்டு அல்லது அதன் படங்களைப் பின்பற்றிய கட்டு ஏதாவது வாங்குங்கள். ரைடர் வெயிட் ஸ்மித் 1909இல் லண்டனில் வெளிவந்தது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டமிட, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். மைனர் கார்டுகளிலும் மனிதர்களும் காட்சிகளும் இருப்பதுதான் அதன் பலம். பழைய பிரெஞ்சு வகையான மார்செய் கட்டில் அந்த இடத்தில் கிண்ணங்களும் வாள்களும் வெறும் அடுக்காக இருக்கும். இந்தப் பயிற்சிக்கு அது கடினம்.

இது தவிர ஒரு கோடு போட்ட நோட்டு, பேனா, போனில் டைமர், தொந்தரவு இல்லாத ஒன்றரை மணி நேரம். மெழுகுவர்த்தி, கல், சாம்பிராணி எல்லாம் விருப்பம்போல.

படி 1: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"என் வாழ்க்கையின் நோக்கம் என்ன?" என்று கேட்டால் எந்தக் கார்டும் பதில்போலத் தெரியும். அதனால் பிறகு சரிபார்க்க வழி இருக்காது. கேள்வியில் காலமும் களமும் இருக்க வேண்டும்: "அடுத்த ஒரு வருடத்தில் வேலைக்கு வெளியே என் நேரத்தை எதற்குக் கொடுக்கலாம்?" "பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இனி எதைக் கற்றுக்கொள்ளத் தொடங்கலாம்?" ஆம், இல்லை என்று முடியும் கேள்வி வேண்டாம். "அவர் என்ன நினைக்கிறார்" என்று இன்னொருவர் மனதைத் துழாவும் கேள்வியும் வேண்டாம். கேள்வியை நோட்டின் மேலே தேதியோடு எழுதிவிட்டுத்தான் கட்டைத் தொட வேண்டும். கார்டைப் பார்த்த பிறகு கேள்வியை வளைப்பது எல்லோருக்கும் நடக்கும்; எழுதி வைத்திருந்தால் அது கண்ணில் படும்.

படி 2: கலைத்து, ஐந்தை எடுத்து வையுங்கள்

டாரட் கார்டு சுமார் 70 × 120 மி.மீ. இருக்கும். சின்னக் கைகளுக்குச் சாதாரண சீட்டுபோலக் கலைக்க வராது. மேசை விரிப்பில் எல்லாவற்றையும் முகம் கீழாகப் பரப்பி, இரு கைகளாலும் ஒரு நிமிடம் சுழற்றிக் கலப்பது எளிது. புதுக் கட்டு எண் வரிசையில் வரும்; அதை இரண்டு நிமிடமாவது கலையுங்கள். இல்லாவிட்டால் அடுத்தடுத்த எண்கள் சேர்ந்தே வந்து, ஏதோ அதிசயம்போலத் தோன்றும். சுழற்றும்போது சில கார்டுகள் தலைகீழாகும். தொடக்கத்தில் அதற்குத் தனி அர்த்தம் பார்க்க வேண்டாம், நேராக்கி வையுங்கள்.

ஐந்து இடங்கள் இவை. கார்டைத் திருப்புவதற்கு முன்பே இவற்றை நோட்டில் எழுதிவிடுங்கள்.

1. இப்போது என் சக்தியில் பெரும்பகுதி எங்கே போகிறது?
2. எந்த வேலையில் நான் நேரம் போவது தெரியாமல் இருக்கிறேன்?
3. அங்கே போகவிடாமல் பிடித்து வைப்பது எது?
4. என்னிடம் ஏற்கெனவே இருக்கும் திறமை அல்லது துணை எது?
5. இந்த ஒரு மாதத்தில் என்ன செய்து பார்க்கலாம்?

ஐந்தையும் திருப்பி வைத்து, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: கையேட்டைத் திறக்காமல் படத்தை எழுதுங்கள்

பயிற்சியின் உயிர் இங்கேதான். ஒரு கார்டுக்கு மூன்று நிமிடம் டைமர் வையுங்கள். முதல் ஒரு நிமிடம் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள்: யார் இருக்கிறார், எந்தப் பக்கம் பார்க்கிறார், கையில் என்ன, பின்னால் என்ன. அடுத்த இரண்டு நிமிடம் அந்தக் காட்சி உங்களுக்கு யாரை, எந்த நாளை நினைவுபடுத்துகிறது என்று எழுதுங்கள்.

ஒரு மாதிரி பார்ப்போம். அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் ஒருவர், வேலைக்கு வெளியே நேரத்தை எதற்குக் கொடுக்கலாம் என்று கேட்டதாக வைத்துக்கொள்வோம். முதல் இடத்தில் டென் ஆஃப் வாண்ட்ஸ்: ஒருவர் பத்துக் கழிகளை அணைத்துத் தூக்கிக் குனிந்து போகிறார், முகம் கழிகளுக்குள் புதைந்திருக்கிறது, தூரத்தில் வீடு. இரண்டாவதில் எய்ட் ஆஃப் பென்டக்கிள்ஸ்: பெஞ்சில் உட்கார்ந்து உளியும் சுத்தியுமாக ஒரு வட்டைச் செதுக்குகிறவர், முடித்தவை பக்கத்தில் மாட்டியிருக்கின்றன, ஊர் எங்கோ பின்னால் இருக்கிறது. மூன்றாவதில் எய்ட் ஆஃப் ஸ்வார்ட்ஸ்: கண் கட்டி, உடம்பைத் துணியால் சுற்றிய பெண், பின்னாலும் பக்கத்திலும் வாள்கள் நட்டிருக்கின்றன. நான்காவது தி ஹெர்மிட்: பனி மலையில் கோலூன்றி, விளக்கைத் தூக்கிப் பிடித்திருக்கும் முதியவர். ஐந்தாவது சிக்ஸ் ஆஃப் பென்டக்கிள்ஸ்: ஒரு கையில் தராசும் மறு கையால் காசு கொடுப்பதுமாக நிற்கும் பணக்காரர், காலடியில் இருவர்.

மூன்றாவது கார்டில் கையேட்டை முதலில் பார்ப்பவர் "சிறைப்பட்ட நிலை" என்று எழுதி முடித்துவிடுவார். படத்தைப் பார்ப்பவருக்கு அந்தப் பெண்ணின் கால்கள் கட்டப்படவில்லை, முன்பக்கம் வாள் எதுவும் இல்லை என்பது தெரியும். "போக முடியாது என்று எனக்குச் சொன்னது யார்?" என்ற கேள்வி அங்கிருந்துதான் வரும். இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் அதை வட்டமிட்டு வையுங்கள்.

எதுவும் எழவில்லை என்றால் "எழவில்லை" என்றே எழுதுங்கள். வலுக்கட்டாயமாக அழகான வாக்கியம் செய்ய வேண்டாம்.

படி 4: இப்போது கையேடு

ஒரு கார்டுக்கு ஒரே வரி, வேறு நிற மையில். வாண்ட்ஸ் ஆர்வத்தையும் செயலையும், கப்ஸ் உணர்வையும் உறவையும், ஸ்வார்ட்ஸ் எண்ணத்தையும் மோதலையும், பென்டக்கிள்ஸ் பணம், உடல், கைவேலை ஆகியவற்றையும் குறிப்பதாகப் பொதுவாகக் கொள்வார்கள். நீங்கள் எழுதியதும் கையேடு சொல்வதும் முரண்பட்டால் உங்களுடையதை அடிக்காதீர்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

படி 5: சான்று கேளுங்கள்

1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்து, ஆளுக்கொரு குணநலக் குறிப்பு கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. உண்மையில் எல்லோருக்கும் கொடுத்தது ஒரே குறிப்பு. "உங்களுக்குள் பயன்படுத்தாத திறமை இருக்கிறது" என்ற வகை வரிகள் யாருக்கும் பொருந்தும். டாரட்டில் ஏமாறும் இடமும் இதுவே. தப்பிக்க இரண்டு வழி உண்டு.

முதலாவது, ஒவ்வொரு இடத்துக்கும் கடந்த ஆறு மாதத்திலிருந்து இரண்டு நிகழ்ச்சிகள். நாள், இடம், யார் இருந்தார்கள் என்று சொல்லக்கூடியவையாக இருக்க வேண்டும். "எனக்குச் சொல்லிக்கொடுக்கப் பிடிக்கும்" என்பது சான்று ஆகாது. "பொங்கல் லீவில் அக்கா மகனுக்கு மூன்று மணி நேரம் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன், சாப்பிடக்கூட எழவில்லை" என்பது சான்று. மாதிரியில் உள்ளவருக்கு இரண்டாவது இடத்துக்கு இப்படி ஒன்று கிடைத்தால், அது கார்டைவிடப் பெரிய தகவல். நிகழ்ச்சியே கிடைக்காத இடத்துக்கு எதிரே "சான்று இல்லை" என்று போடுங்கள். அந்த இடம் ஆசையா, பழைய கனவா, பிறர் எதிர்பார்ப்பா என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, மாற்றுக் கார்டு சோதனை. மீதமுள்ள 73 கார்டுகளிலிருந்து கண்ணை மூடி ஒன்றை எடுத்து, இரண்டாவது இடத்துக் கார்டின்மேல் வையுங்கள். நீங்கள் எழுதிய பத்தி புதுக் கார்டுக்கும் அப்படியே பொருந்துகிறதா? பொருந்தினால் அந்தப் பத்தி பொத்தாம்பொதுவானது. இன்னும் குறிப்பாக எழுத வேண்டும். சோதனைக் கார்டை அர்த்தம் பார்க்காமல் கட்டுக்குள் திருப்பி வைத்துவிடுங்கள்.

படி 6: ஐந்தையும் சேர்த்துப் பார்க்கும்போது

மனிதர்கள் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள், எது இரண்டு முறை வருகிறது என்று பாருங்கள். மாதிரியில் முதல் நான்கு பேரும் தனியாளாக இருக்கிறார்கள். ஐந்தாவதில்தான் கொடுப்பவரும் வாங்குபவரும் சேர்ந்து வருகிறார்கள். எழுத இடம் கொடுக்கும் கவனிப்பு இது.

எண்ணிக்கையில் மட்டும் நிதானம் வேண்டும். "மேஜர் கார்டு வந்துவிட்டது, பெரிய விஷயம்" என்று பரபரக்கிறார்கள். ஐந்து கார்டு எடுத்தால் ஒரு மேஜராவது வர 82 சதவீத வாய்ப்பு. மூன்றோ அதற்கு மேலோ வருவதும் 13 சதவீதம், அப்படியொன்றும் அபூர்வமில்லை. கப்ஸ் ஒன்றுகூட வராமல் போக 36 சதவீதம். அதனால் "வாழ்க்கையில் அன்பே இல்லை" என்று முடிவுகட்டக் காரணம் இல்லை. பலரும் பயப்படும் டெத் (சாவு), டெவில் (சாத்தான்), டவர் (கோபுரம்) இந்த மூன்றில் ஒன்றாவது வர 18 சதவீதம். தொடர்ந்து பயிற்சி செய்பவருக்கு அடிக்கடி வரும். டெத் கார்டில் எலும்புக்கூட்டு வீரனுக்குப் பின்னால் இரு கோபுரங்களுக்கு நடுவே சூரியன் இருப்பதையும் சேர்த்துப் பாருங்கள். பொதுவாக ஒரு கட்டம் முடிவதாகவே அதைப் படிக்கிறார்கள், சாவாக அல்ல.

படி 7: ஒரு வாக்கியம், ஒரு செயல்

எழுதியதை எல்லாம் ஒரு முறை படித்துவிட்டு, "நான் ... செய்து பார்க்கப்போகிறேன், ஏனென்றால் ..." என்று ஒரே வாக்கியம் எழுதுங்கள். "ஏனென்றால்" என்பதற்குப் பின்னால் கார்டின் பெயர் வரக்கூடாது. படி 5இல் எழுதிய நிகழ்ச்சி வர வேண்டும். இந்த ஒரு கட்டுப்பாட்டை மட்டும் விடாமல் பிடித்தால் பெரும்பாலான தவறுகள் நின்றுவிடும்.

செயல் நான்கு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும், பெரிய செலவு கூடாது, தோற்றால் யாருக்கும் நஷ்டம் இருக்கக்கூடாது. மாதிரியில் உள்ளவர் இப்படி எழுதலாம்: "இந்த மாதம் இரண்டு சனிக்கிழமை, தெருப் பிள்ளைகள் மூன்று பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்க்கிறேன்." வேலையை விடுவது, கடன் வாங்குவது, திருமணம், படிப்பை நிறுத்துவது ஆகியவற்றைக் கார்டு பார்த்த நாளில் முடிவு செய்யவே கூடாது.

எங்கே தவறுகிறது

பிடிக்காத கார்டு வந்ததும் "விளக்கக் கார்டு" என்று இன்னொன்று, அதற்கு விளக்கமாக மற்றொன்று என்று எடுத்துக்கொண்டே போவது மிகப் பரவலான தவறு. ஒன்பது, பத்து கார்டு ஆகும்போது விரும்பிய பதில் எப்படியும் வந்துவிடும். ஒரே கேள்விக்கு ஒரு மாதத்துக்கு ஒரே ரீடிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிகவும் துக்கத்திலோ தூக்கம் கெட்ட நிலையிலோ எடுத்தால் ஐந்து கார்டும் கறுப்பாகத்தான் தெரியும். அன்று தள்ளிவைப்பது நல்லது. வாழ்வதற்கே காரணம் இல்லை என்று தோன்றுகிற அளவுக்கு மனம் சோர்ந்திருந்தால் கார்டை எடுக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடமும் மருத்துவரிடமும் பேசுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம்.

வேறொருவரிடம் ரீடிங் பார்த்திருந்தாலும் 3 முதல் 7 வரையிலான படிகள் அப்படியே பொருந்தும். கார்டுகளின் படத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "தோஷம் இருக்கிறது, பரிகாரத்துக்கு இவ்வளவு கொடுங்கள்" என்று அவர் பேச ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். எந்தக் கார்டிலும் அப்படி ஒரு செய்தி கிடையாது.

ஏழாம் நாளும் முப்பதாம் நாளும்

ஏழாம் நாள் கார்டைப் பார்க்காமல், எழுதியதை மட்டும் படியுங்கள். அன்று உணர்ச்சிவேகத்தில் எழுதிய வரிகள் தனியாகத் தெரியும். ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். இப்போதும் உண்மையாக இருப்பவற்றுக்கு டிக்.

முப்பதாம் நாள் புதுப் பக்கத்தில் மூன்று கேள்விகளுக்கு எழுதுங்கள்: சொன்ன செயலைச் செய்தேனா? செய்துகொண்டிருந்தபோது எப்படி இருந்தது? யாரும் கேட்காவிட்டாலும் மறுபடி செய்வேனா? செய்யவில்லை என்றால் உங்களைத் திட்டிக்கொள்ளாமல், தடுத்தது எது என்று எழுதி, அதை மூன்றாவது இடத்தில் எழுதியதோடு ஒத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அடுத்த மாதக் கேள்வி அந்தத் தடையைப் பற்றியது. வேறாக இருந்தால் மூன்றாவது இடத்தில் எழுதியதை அடித்துவிட்டு, நிஜத்தில் தடுத்ததைத் தேதியோடு எழுதுங்கள். செயல் பிடித்திருந்தால் கட்டை அலமாரியிலேயே விட்டுவிட்டு, அதையே இன்னும் ஒரு மாதம் தொடருங்கள்.