அழகுக்கும் வெட்டிவேர்

வெட்டிவேர் என்றால் பானைத் தண்ணீரும் கோடைக்காலத் தட்டியும்தான் நினைவுக்கு வரும். அழகுக்காக வளர்ப்பவர்கள் குறைவு. ஆளுயரம் வளர்ந்து காற்றில் சாயும் அந்தப் புல் தூருக்குக் குரோட்டன்ஸ் எல்லாம் ஈடில்லை என்பது என் கட்சி.

தூரைப் பிரித்து, இலையை ஒரு சாண் அளவுக்கு நறுக்கி, நல்ல வெயில் விழும் இடத்தில் 2 அடி இடைவெளியில் மழைக்காலத் தொடக்கத்தில் நடுங்கள். நிழலில் நோஞ்சானாகிவிடும். முதல் 2, 3 மாதங்கள் மட்டும் காயாமல் தண்ணீர் விடுங்கள். பிறகு வேர் மண்ணுக்குள் 3 மீட்டர் வரைகூட இறங்கும்; வறட்சியைத் தானே பார்த்துக்கொள்ளும்.

ஆண்டுக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். இலை விளிம்பு கையைக் கீறும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வெட்டிய தாள் மற்றச் செடிகளுக்கு மூடாக்கு, அதாவது அடிமண்ணை மூடும் போர்வை.