டிவி ரிமோட்டின் ஒளியை லேப்டாப்பில் படிப்பது எப்படி?

ஒளியைக் கரண்டாக்கி, அந்தக் கரண்டைச் சவுண்ட் கார்டில் சத்தமாகப் பதிவதுதான் வழி.

வேண்டியவை: பி.பி.டபிள்யூ 34 போட்டோடையோடு (ஒளி பட்டால் கரண்ட் விடும் சென்சார்), 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் 2, செராமிக் கெப்பாசிட்டர் 2 (104, 105 என்று அச்சிட்டவை), 9 வோல்ட் பேட்டரி, பிரெட்போர்டு, 3.5 மி.மீ. ஜாக் வயர், மைக் துளை தனியாக உள்ள மலிவான யூஎஸ்பி சவுண்ட் கார்டு. லேப்டாப்பில் நேராகச் செருக வேண்டாம். தப்பு நடந்தால் கார்டோடு போகட்டும்.

இணைப்பு

டையோடின் கேத்தோடு பேட்டரியின் பிளஸ்ஸுக்கு. ஆனோடிலிருந்து ஒரு ரெசிஸ்டர் மைனஸுக்கு. அதே ஆனோடிலிருந்து இன்னொரு ரெசிஸ்டர், அடுத்து 105 கெப்பாசிட்டர், பிறகு ஜாக்கின் நுனி. ஜாக்கின் அடிப்பகுதி மைனஸுக்கு.

டையோடு திரும்பியிருந்தால் எதைக் காட்டினாலும் சத்தம் வராது. நேர் வெயிலிலும் வராது, ஆனால் காரணம் வேறு: 9 வோல்ட்டை 10 கிலோ ஓமால் வகுத்தால் 0.9 மில்லிஆம்பியர். அதற்கு மேல் கரண்ட் ஏற வழியில்லை. வெயில் அந்த உச்சியிலேயே நிறுத்திவிடும், கரண்ட் ஏறி இறங்காவிட்டால் சத்தமில்லை.

பல்பு

மைக் செட்டிங்கில் நாய்ஸ் சப்ரஷனை அணையுங்கள். இல்லையேல் நாம் தேடும் சிக்னலையே அது இரைச்சலென்று துடைத்துவிடும். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 48,000 ஹெர்ட்ஸ், மோனோ. எல்இடி பல்பின் கீழ் 10 நொடி பதிந்து, பிளாட் ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) திறக்கவும். சைஸ் 512 என்றால் ஒரு கட்டம் 94 ஹெர்ட்ஸ் அகலம். இடது ஓரத்தில் மொத்தையாக ஒரு மேடு. 16,384 ஆக்கினால் கட்டம் 3 ஹெர்ட்ஸ். 100இல் ஊசிமுனை எழும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல்பு ஒரு சுற்றில் இருமுறை மங்குகிறது. முனை இல்லையென்றால் உங்கள் பல்பின் டிரைவர் (மின்சாரத்தைச் சீராக்கும் சர்க்யூட்) நல்லது, வேறு பல்பு பாருங்கள்.

ரிமோட்

விளக்கை அணைத்து, ரிமோட்டை ஒரு சாண் தூரத்தில் பிடித்து அழுத்துங்கள். "டர்ர்" என்று கேட்கும். ஆனால் பெரும்பாலான ரிமோட்டின் துடிப்பு 38 கிலோஹெர்ட்ஸ். 48,000 ஹெர்ட்ஸில் பதியும் நம் கார்டுக்கு எட்டுவதோ அதில் பாதி, 24 வரைதான். அப்படியானால் கேட்பது என்ன? ஒளி ஒருபோதும் பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது. கார்டின் லோபாஸ் ஃபில்டர் வேகத் துடிப்பை வழித்தெடுத்ததும் அதன் சராசரி மிஞ்சுகிறது. டிமாடுலேஷன், அதாவது துடிப்பிலிருந்து செய்தியைப் பிரிப்பது, தானாகவே நடந்துவிட்டது.

அலையைப் பெரிதாக்குங்கள். ரிமோட் என்.இ.சி. முறையில் (பல ரிமோட்டுகள் பின்பற்றும் குறியீட்டு முறை) பேசினால் முதலில் 9 மில்லிநொடி மேடு, 4.5 மில்லிநொடி இடைவெளி, பிறகு 32 பிட்டுகள். மேடுகளை விடுங்கள், இடைவெளிகளை அளங்கள்: சுமார் 0.56 மில்லிநொடி என்றால் 0, சுமார் 1.69 என்றால் 1. அலை தலைகீழாகத் தெரிந்தால் பதறவேண்டாம், சில கார்டுகள் புரட்டிப் பதியும்.

அந்த 9 மில்லிநொடி மேட்டின் தலை தட்டையாக இல்லாமல் சரிந்திருக்கும். 105ஐக் கழற்றி, அதில் பத்தில் ஒரு பங்கே கொள்ளும் 104 போட்டுப் பாருங்கள்: 9 மில்லிநொடி முடிவதற்குள்ளேயே மேடு கிட்டத்தட்ட தரைக்கு வந்துவிடும். மெதுவான மாற்றங்களைத் தடுக்கும் ஹைபாஸ் ஃபில்டரின் வேலை அது.