சீன வர்த்தகச் செய்தி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டு வர்த்தகச் செய்திகளைத் திருத்துவது என் வேலை. டெஸ்க்குக்குப் புதிதாக வருகிறவர்கள், எங்கள் தலைமுறை செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். பெயர்க் குழப்பம், பில்லியனைக் கோடியாக்கும்போது சுழியம் தவறுவது எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். கீழே உள்ள நான்கும் அப்படி ஆவதில்லை.

கையெழுத்தை வியாபாரமாக எண்ணுவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒரு தலைவர் பெய்ஜிங் போவார், பெரிய தொகை ஒன்று அறிவிப்பாகும், அன்றிரவே "இத்தனை கோடிக்குச் சீனா கொள்முதல்" என்று தலைப்பு தயாராகிவிடும். அப்படி எழுதி வந்த ஒரு தம்பியிடம், "யாருப்பா வாங்கப் போறாங்க? எப்போ?" என்று கேட்டேன். அறிக்கையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அது இதுல இல்ல சார்" என்றார். அப்படியென்றால் முதல் பத்தியில் அதைத்தான் எழுத வேண்டும்.

2017 நவம்பரில் டிரம்ப் பெய்ஜிங் சென்றபோது 25,000 கோடி டாலர் ஒப்பந்தங்கள் என்றார்கள். மேற்கு வர்ஜீனியாவுக்கு மட்டும் 8,370 கோடி டாலர் முதலீடாம். அந்த மாநிலத்தின் ஓராண்டு உற்பத்தியைவிடப் பெரிய தொகை. அது யாரையும் கட்டுப்படுத்தாத வெறும் புரிந்துணர்வு ஒப்பந்தம். அடுத்த ஜூலையில் வரிப்போர் தொடங்கியது, முதலீடு வரவே இல்லை. 2020 ஜனவரியில் அமெரிக்காவோடு போட்ட முதல்கட்ட வர்த்தக ஒப்பந்தத்தில், 2017-ஆம் ஆண்டின் அளவுக்கு மேல் 20,000 கோடி டாலருக்கு இரண்டாண்டில் வாங்குவதாகச் சீனா எழுதியே கொடுத்தது. அந்தக் கூடுதலில் ஒரு டாலர்கூடத் தேறவில்லை. பருத்தி, சோயா விலை பார்த்துச் சரக்குப் பிடிக்கும் வியாபாரியும் நம் செய்தியைப் படிக்கிறார். சுங்கத் துறையின் மாதக் கணக்கு வரும்வரை "வாங்குவதாக உறுதி" என்றே எழுதுங்கள்.

அரசாணைக்காகக் காத்திருப்பது

2020-இல் கொரோனாவின் தோற்றம் பற்றி ஆஸ்திரேலியா விசாரணை கேட்டது. அதன் பார்லிக்கும் ஒயினுக்கும் சீனா அறிவித்தே வரி போட்டது. நிலக்கரிக்கு வெளிப்படையான தடையாணை எதுவும் வரவில்லை. ஆனால் அந்த நிலக்கரியை ஏற்றிப்போன 'ஜக் ஆனந்த்' கப்பல், 23 இந்திய மாலுமிகளோடு சீனாவின் ஜிங்டாங் துறைமுகத்துக்கு வெளியே சரக்கை இறக்க முடியாமல் ஜூன் முதல் அடுத்த ஜனவரி வரை நின்றது. கப்பல் ஏஜென்டுகளுக்கு ஒரு போன் போட்டாலே செய்தி கிடைத்திருக்கும்.

அமெரிக்க வரியைச் சீனா கட்டுவதாக எழுதுவது

சீனப் பொருளுக்கு அமெரிக்கா போடும் வரியைக் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர்.

மேற்கு நாடுகளை ஒரே மூட்டையாகக் கட்டுவது

2024 அக்டோபரில் சீன மின்சார கார்களுக்குக் கூடுதல் வரி போடும் வாக்கெடுப்பில், ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளில் 10 ஆதரித்தன, 5 எதிர்த்தன, 12 ஒதுங்கிக்கொண்டன. எதிர்த்தவற்றில் ஜெர்மனியும் உண்டு. அதன் கார் கம்பெனிகளுக்குச் சீனா மிகப் பெரிய சந்தை.