கை வரையத் தெரியாதவங்களுக்கான வெப்காமிக் பாடம்: ஒரு மிக்ஸி ஜோக்கை ஆரம்பத்துலேர்ந்து அப்லோட் வரைக்கும் பாக்கலாம்

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், எனக்கு இன்னிக்கு வரைக்கும் கை வரைய வராது. என் காமிக்ல வர்றவங்கள்ல பாதி பேர் கையப் பின்னாடி கட்டிட்டு நிப்பாங்க, மீதி பேர் பாக்கெட்ல விட்டுருப்பாங்க, அம்மா கேரக்டர் மட்டும் எப்பவும் ஏதாவது பாத்திரத்தப் புடிச்சிட்டே இருப்பாங்க, ஏன்னா பாத்திரம் விரலை மறைச்சிடும். மூணு வருஷமா இப்படித்தான் ஓடுது, ஒருத்தரும் கேக்கல. ராண்டல் மன்ரோன்னு ஒருத்தர் 2005லேர்ந்து எக்ஸ்கேசிடின்னு ஒரு வெப்காமிக் (நெட்ல வர்ற படக்கதை) போடறார், அவர் ஆளுங்களுக்கு மூஞ்சியே கிடையாது, வட்டமா ஒரு தலை, குச்சியா ஒடம்பு, அவ்ளோதான். அதனால "நல்லா வரையக் கத்துக்கிட்டு அப்புறம் ஆரம்பிக்கறேன்"னு தள்ளிப் போட்டுட்டு இருக்கறவங்க இப்பவே பேப்பர எடுங்க.

ஸ்டெப் 1: ஐடியாவத் தேடாதீங்க, பொறுக்குங்க

போன்ல ஒரு நோட் ஓபன் பண்ணுங்க. என்னோடதுக்கு பேரு "குப்பை". இதுல ஜோக் எழுதக் கூடாது, அதான் ரூல். நடந்தத மட்டும் எழுதணும், அன்னிக்கே எழுதணும், பேசினவங்க சொன்ன அதே வார்த்தையில எழுதணும். "இன்னிக்கு பஸ்ல செம காமெடி"ன்னு எழுதி வெச்சீங்கன்னா ரெண்டு நாள் கழிச்சுப் பாக்கறப்ப என்ன காமெடின்னு சத்தியமா ஞாபகம் வராது. என் நோட்லேர்ந்து மூணு வரி அப்படியே தரேன்:

"பக்கத்து வீட்டு அங்கிள் 'தம்பி ஃப்ரீயா?'ன்னு கேட்டார். ஆமான்னு சொன்னதுக்கப்புறம்தான் பீரோவ மாடிக்குத் தூக்கணும்னார்."

"கல்யாண பந்தியில என் சேரப் புடிச்சிட்டு ஒருத்தர் பின்னாடி நிக்கறார். நான் பாயசம் குடிக்கறத ஒவ்வொரு வாயா எண்றார்."

"அம்மா முக்கியமான விஷயம் எல்லாத்தையும் மிக்ஸி ஓடறப்பதான் சொல்றாங்க."

பாத்தீங்கன்னா மூணுமே சின்ன எரிச்சல். சந்தோஷமான விஷயத்துலேர்ந்து எனக்கு காமிக் வந்ததே இல்ல, பெரிய சோகத்துலேர்ந்தும் வராது, இந்த நடுவுல இருக்கு பாருங்க, சண்டை போடவும் முடியாம விடவும் முடியாம இருக்கற மேட்டர், அதுலதான் சரக்கு இருக்கு.

நோட் காலியா இருந்தா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. நான் ரெண்டு வேலை பண்ணுவேன். ஒண்ணு, ஒரு எடத்தோட பழக்கத்தத் தூக்கி இன்னொரு எடத்துல வைக்கறது: வீட்ல டிவி ரிமோட் வேணும்னா அப்பாகிட்ட மனு எழுதிக் குடுக்கணும், அவர் கண்ணாடியக் கழட்டி வெச்சுட்டு "ரெண்டு போட்டோ, ஆதார் ஜெராக்ஸ் எடுத்துட்டு மதியத்துக்கு மேல வாங்க"ன்னு சொல்றார். இன்னொண்ணு, ஏதாவது ஒரு பொருளுக்கு வாய் குடுக்கறது. ஃப்ரிட்ஜ்ல ஐஸ்க்ரீம் டப்பா ஒண்ணு இருக்கு, உள்ள இட்லி மாவு இருக்கு, தெறக்கறவன் மூஞ்சிய தெனம் பாக்கற அந்த டப்பா என்ன நெனைக்கும்?

ஐடியா வரலன்னு மத்தவங்க காமிக்கா ஸ்க்ரோல் பண்ணிட்டு ஒக்காராதீங்க. நான் ஒரு தடவை அப்படிப் பண்ணி, சூப்பரா ஒரு பன்ச் வந்துருச்சுன்னு குதிச்சு, முழுசா வரைஞ்சு முடிச்சப்புறம்தான் அது முந்தின வாரம் நானே லைக் போட்ட காமிக்னு தெரிஞ்சுது. அதுக்கு பதிலா இயர்போன் இல்லாம ஒரு க்யூவுல போய் நில்லுங்க, ரேஷன் கடை ரொம்ப நல்ல எடம்.

ஸ்டெப் 2: இது காமிக்கா, வெறும் ஜோக்கா?

நாமெல்லாம் வாரப் பத்திரிகை டாக்டர் ஜோக் படிச்சு வளந்தவங்க. அந்த ஜோக்குல படத்தக் கையால மூடிட்டு ரெண்டு வரி வசனத்த மட்டும் படிங்க, அப்பவும் சிரிப்பு வரும். தப்பில்ல, ஆனா அதுக்கு நீங்க ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஒக்காந்து வரையவே வேணாம், ட்வீட்டா போட்டுடலாம். படத்த மூடினா ஜோக்கும் செத்துப் போகணும், அப்பதான் அது காமிக். ஆனந்த விகடன்ல ஓவியர் கோபுலு ஒரு வார்த்தை கூட இல்லாம நகைச்சுவை போட்டிருக்கார், பழசு கெடைச்சா பாருங்க, யார் எங்க பாக்கறாங்கங்கறத வெச்சே மொத்தக் கதையும் புரியும். (பக்கவாதத்துல வலது கை போனப்புறம் மனுஷன் இடது கையால வரைஞ்சார். நம்ம சாக்கெல்லாம் எந்த மூலைக்கு.)

நம்ம மூணு வரிக்கு டெஸ்ட் வைப்போம். பீரோ அங்கிள் மேட்டர் வெறும் வசனம், படம் தேவையில்ல. பந்தி நல்லா இருக்கு, ஆனா கூட்டம் வரையணும், இலை வரையணும், முக்கியமா பாயசம் குடிக்கற கை வரையணும், அதனால வேணாம். மிக்ஸி? சத்தம் பேச்ச மறைக்குது, சத்தத்த எழுத்தா வரைஞ்சு பேச்சு பலூன் (வசனம் எழுதற வட்டம்) மேலயே போட்டா படிக்கறவங்களுக்கும் "கேக்காது". இதப் படத்துலதான் பண்ண முடியும். இத எடுத்துக்கறோம்.

ஸ்டெப் 3: நாலு கட்டமா வெட்டுங்க

ஜப்பான்ல யோன்கோமான்னு நாலு கட்டக் காமிக் ஒரு தனி வகையாவே இருக்கு. ஆரம்பம், வளக்கறது, திருப்பம், முடிவு, அதான் கணக்கு. புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு இத விட நல்ல அளவு இல்லன்னு நான் நெனைக்கறேன், ஏன்னா நாலே கட்டம்னா வளவளன்னு பேச முடியாது.

நான் மொதல்ல எழுதினது ஆறு கட்டம். அம்மா வர்றாங்க, தேங்காய் போடறாங்க, மிக்ஸி ஓடுது, நிக்குது, நான் சரிங்கறேன், கடைசியா ஞாயித்துக்கிழமை நான் சமையக்கட்டுல வேர்த்து ஊத்தி அழுதுட்டு நிக்கறேன். படிச்சுப் பாத்தா சப்புன்னு இருந்துச்சு. மொத ரெண்டு கட்டமும் ஒரே விஷயம், ஒண்ணத் தூக்கியாச்சு. கடைசிக் கட்டம் ஜோக்க வெளக்கிச் சொல்லுது, அதையும் தூக்கியாச்சு. மிச்சம்:

கட்டம் 1: அம்மா மிக்ஸி மூடிய அழுத்திப் புடிச்சிட்டு, "டேய், உன்கிட்ட முக்கியமா ஒண்ணு கேக்கணும்". நான் போன் பாத்துட்டு இருக்கேன்.

கட்டம் 2: "ட்ர்ர்ர்ர்ர்ர்" கட்டம் முழுக்க. அதுக்கு அடியில அம்மா பலூன், ஓரமா ரெண்டே துண்டு தெரியுது: "ஞாயித்துக்கிழ..." அப்புறம் "...பதினஞ்சு பேருக்கு".

கட்டம் 3: மிக்ஸி நின்னுருச்சு. ஒரு வார்த்தை இல்ல. அம்மா என்னையே பாக்கறாங்க.

கட்டம் 4: நான், "ம்ம்... சரிம்மா".

அவ்ளோதான். அந்தப் பையன் எதுல மாட்டினான்னு படிக்கறவங்களுக்குப் பாதி தெரியும், அவனுக்குத் தெரியாது.

இதுல மூணாவது கட்டத்தப் பத்தி கொஞ்சம் பேசியே ஆகணும், ஏன்னா புதுசா வரையறவங்க எல்லாரும் தூக்கிப் போடற கட்டம் இதுதான், "ஒண்ணுமே நடக்கலயே"ன்னு. மேடையில ஜோக் சொல்றவர் கரெக்டான எடத்துல ஒரு செகண்ட் நிறுத்துவார் இல்லயா, காமிக்ல நிறுத்தறதுக்கு வாய் கிடையாது, கட்டம்தான் இருக்கு. அதே ஆள், அதே எடம், அதே கோணம், பேச்சு மட்டும் இல்லன்னு ஒரு கட்டம் போட்டா நேரம் அங்க நிக்கும். கட்டத்த அகலமாக்கினா இன்னும் கொஞ்ச நேரம் நிக்கும். அந்தக் கட்டத்துல பேக்ரவுண்ட மாத்தாதீங்க, கேமராவ நகத்தாதீங்க, ஒரு சின்ன விஷயம் மட்டும் மாறணும், நான் அம்மாவோட ஒரு புருவத்தத் தூக்கி விட்டேன்.

ஸ்டெப் 4: கிறுக்கல்

பழைய பில்லோட பின்பக்கம், 3 சென்டிமீட்டர்ல குட்டிக் கட்டம், ஆளுக்கு பதிலா முட்டை, பேச்சுக்கு பதிலா கோடு. அஞ்சு நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது. மூணு விதமா போட்டுப் பாருங்க, பெரும்பாலும் மூணாவதுதான் தேறும். இங்கயே பாக்க வேண்டியது ஒண்ணு, யார் மொதல்ல பேசறாங்களோ அவங்க இடது பக்கம் நிக்கணும். மாத்தி நிறுத்திட்டா பலூன்லேர்ந்து பேசறவங்க வாய்க்குப் போற வால் ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, படிக்கறவங்க பதில மொதல்ல படிச்சுட்டு கேள்விக்கு வருவாங்க, ஜோக் அங்கயே க்ளோஸ்.

ஸ்டெப் 5: ஆளுங்க

முழுசா கறுப்பு அடிச்சாலும் யாருன்னு தெரியணும். எங்க அம்மா ஒரு உருண்டை, மேல ஒரு குட்டிக் கொண்டை, நைட்டி, தோள்ல துண்டு. அந்தத் துண்டு போட்டவுடனே யாருக்கும் அறிமுகமே தேவைப்படல. நான் ஒரு செவ்வகம், கண்ணாடி. கண்ணு ரெண்டு புள்ளி போதும், நடிப்பு எல்லாம் புருவத்துலதான், நம்பலன்னா ஒரே மூஞ்சிய அஞ்சு தடவை வரைஞ்சு புருவத்த மட்டும் மாத்திப் பாருங்க. அந்த அஞ்சையும் ஒரு பேப்பர்ல வெச்சுக்கோங்க, அடுத்த வாரம் வரையறப்ப அம்மா வேற யாரோ ஆகிடாம இருக்கும்.

சொந்தக்காரங்கள அப்படியே வரையாதீங்க. எங்க சித்தி ஒருத்தங்க அவங்க பேக்க வெச்சே அவங்களக் கண்டுபுடிச்சுட்டாங்க, ஆறு மாசம் என்கூடப் பேசல. இப்ப கொழப்பிடறேன், மாமா சொன்னத பக்கத்து வீட்டுக்காரருக்குக் குடுத்துடுவேன். முட்டாளா யாராவது நிக்கணும்னா நானே நின்னுக்கறேன், அதுதான் சேஃப். அப்புறம் "பொண்டாட்டி தொல்லை", குண்டு, கறுப்பு இந்த மாதிரி ஜோக்கெல்லாம் தயவுசெஞ்சு வேணாம், அசிங்கம்ங்கறது ஒரு பக்கம், எங்க தாத்தா காலத்துலயே புளிச்சுப் போனது.

ஸ்டெப் 6: வரையறது

பேப்பர்ல பேனாவால வரைஞ்சு ஜன்னல் வெளிச்சத்துல போட்டோ எடுத்தாலே போதும். டிஜிட்டல்னா போன்ல ஐபிஸ்பெயிண்ட், கம்ப்யூட்டர்ல க்ரிட்டா, ரெண்டையும் காசில்லாம யூஸ் பண்ணலாம். கேன்வாஸ் 2160க்கு 2160 பிக்சல் வெச்சுக்கோங்க, போடறப்ப 1080 ஆக்கிடுங்க, பெருசா வரைஞ்சு சின்னதாக்கினா கை நடுக்கம் மறைஞ்சுடும். லேயர் (ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கற கண்ணாடித் தாள் மாதிரி) நாலு போதும்: அடியில நீலக் கலர்ல ரஃப், மேல கறுப்புக் கோடு, கோட்டுக்கும் ரஃப்புக்கும் நடுவுல கலர், எல்லாத்துக்கும் மேல எழுத்து. ஸ்டெபிலைசர்னு கோட்டோட நடுக்கத்தக் கொறைக்கற ஒரு ஆப்ஷன் இருக்கும், ஆன் பண்ணுங்க. கலர் மூணுக்கு மேல வேணாம்.

ஸ்டெப் 7: எழுத்து (இங்கதான் எல்லாரும் சொதப்புவாங்க)

தமிழ் வார்த்தை நீளம். "பண்ணிக்கிட்டிருக்கேன்" ஒண்ணே பலூன அடைச்சுக்கும். அதனால பலூன வரைஞ்சுட்டு எழுத்தத் திணிக்காதீங்க, எழுத்த மொதல்ல வெச்சுட்டு அதச் சுத்தி பலூன் போடுங்க. எங்க வரி ஒடையணும்னு நீங்களே என்டர் தட்டுங்க, பேசறப்ப மூச்சு விடற எடத்துல ஒடைங்க.

பழைய போட்டோஷாப்ல, சில ஆப்ல, கொம்பு தனியா துணைக்கால் தனியா சிதறிப் போகும், "கொஞ்சம்" படிக்கவே முடியாது. போட்டோஷாப்னா டைப் செட்டிங்ஸ்ல சவுத் ஏசியன் இல்லன்னா வேர்ல்ட் ரெடின்னு இருக்கும், வெர்ஷனுக்கு வெர்ஷன் பேரு மாறும், அத ஆன் பண்ணினா சரியாயிடும். ஃபான்ட்டுக்கு கூகுள் ஃபான்ட்ஸ்ல பலூ தம்பி, கவிவனார் ரெண்டும் இலவசம், மொதல்து குண்டா ஜாலியா இருக்கும், ரெண்டாவது கையெழுத்து மாதிரி சாஞ்சு இருக்கும். என்னைக் கேட்டா உங்க கையெழுத்துதான் பெஸ்ட், கோணலா இருந்தாலும் கோட்டோட சேந்து போகும்.

சத்தத்துக்கு மட்டும் ஃபான்ட் வேணவே வேணாம், கையால வரைங்க. டம்ளர் விழுந்தா "ணங்", தோசை ஊத்தினா "சொய்ய்ங்", நம்ம வீட்ல கேக்கற சத்தத்த எழுதுங்க, எதுக்கெடுத்தாலும் "பூம்" போடாதீங்க. நம்ம "ட்ர்ர்ர்"ருக்கு நான் எழுத்து ஓரத்த நடுங்கற மாதிரி வரைஞ்சேன், கட்டத்துக்கு வெளியவும் கொஞ்சம் வழிய விட்டேன், அப்பதான் காதுல வந்து அடிச்ச மாதிரி இருந்துச்சு.

ஸ்டெப் 8: போடறதுக்கு முன்னாடி

போனக் கை நீட்டிப் புடிச்சுப் பாருங்க, எழுத்து படிக்க முடியலன்னா பெருசாக்குங்க. வீட்ல ஒருத்தர்கிட்ட ஒண்ணும் சொல்லாம நீட்டுங்க, காமிக்கப் பாக்காம அவங்க கண்ணப் பாருங்க, எந்தக் கட்டத்துல நின்னு திரும்பிப் போறாங்களோ அங்க ஏதோ புரியல. "இதுல என்னன்னா..."ன்னு நீங்க வாயத் தெறந்தா திரும்ப ஸ்டெப் 3.

இன்ஸ்டாகிராம்ல கட்டத்துக்கு ஒரு ஸ்லைடு வெச்சா நாலாவது கட்டம் தள்ளினாத்தான் தெரியும், முடிவு முன்னாடியே கண்ணுல படாது. கீழ கீழ ஸ்க்ரோல் பண்ற வெப்டூன் மாதிரின்னா 800 பிக்சல் அகலத்துல, மூணாவது கட்டத்துக்கு அப்புறம் நல்லா நீளமா வெத்து எடம் விடுங்க, அந்த வெள்ளைதான் அங்க மௌனம். பேர ஓரத்துல போட்டா வெட்டிட்டு வாட்ஸ்அப்ல சுத்த விட்டுருவாங்க, படத்துக்குள்ளயே போடுங்க, நான் மிக்ஸி மேல கம்பெனி பேரு இருக்கற எடத்துல என் பேர எழுதிட்டேன்.

வாரம் ஒண்ணு போதும், ஆனா மொத காமிக் போடறதுக்கு முன்னாடி கையில மூணு ரெடியா இருக்கட்டும், இல்லன்னா ரெண்டாவது வாரமே காய்ச்சல்னு பொய் சொல்ல வேண்டி வரும்.

என் குப்பை நோட்ல இன்னும் வரையாத வரி ஒண்ணு இருக்கு, வேணும்னா நீங்க எடுத்துக்கோங்க: "குக்கர் எத்தனை விசில் வந்துச்சுன்னு வீட்ல நாலு பேர் நாலு நம்பர் சொல்றாங்க, நாலு பேருமே போன்தான் பாத்துட்டு இருந்தாங்க." பேசாத கட்டம் இதுல எங்க வரணும்னு யோசிச்சு, பில்லுக்குப் பின்னாடி மூணு விதமா கிறுக்கிப் பாருங்க.