ஸ்பாம் மெயில்னா எது, எப்ப ரிப்போர்ட் பண்ணணும்

பிடிக்காத மெயில் எது வந்தாலும் நிறைய பேரு டக்குனு "ஸ்பாம்" பட்டனை அமுக்கிடுறாங்க, அது சரியில்லைங்க. ஸ்பாம்னா ரெண்டு விஷயம் சேர்ந்து இருக்கணும், நாம கேக்காம வந்திருக்கணும், அதே மெயில் மொத்தமா ஊருக்கே போயிருக்கணும். உள்ள என்ன எழுதியிருக்குங்கறது கணக்கே இல்ல, கோயில் நன்கொடையா இருந்தாலும் ஸ்பாம் ஸ்பாம்தான். 1978-லயே கேரி துர்க்னு ஒரு மார்க்கெட்டிங்காரர் டெக் (DEC)னு பேரு இருந்த கம்பெனியோட கம்ப்யூட்டரை விக்கறதுக்காக இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட்ல இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே மெயிலை தட்டி விட்டாரு, பொருள் உண்மையானதுதான், ஆனா யாரும் கேக்கல, அதைத்தான் முதல் ஸ்பாம்னு சொல்றாங்க.

அதனால தெரியாத ஒருத்தர் உங்களுக்கு மட்டும் வேலை கேட்டு எழுதினா அது ஸ்பாம் இல்ல. நீங்களே சேர்ந்த நியூஸ்லெட்டர் போரடிச்சாலும் இல்ல, அதுக்கு அன்சப்ஸ்கிரைப் போதும். ஜவுளிக்கடைல பில்லுக்காக குடுத்த ஐடிக்கு தினம் ஆஃபர் வருதா, முதல்ல அன்சப்ஸ்கிரைப் குடுங்க. ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5000 மெயிலுக்கு மேல அனுப்புறவங்க ரெண்டு நாளுக்குள்ள நிறுத்தணும்னு 2024-ல கூகுள் ரூல் போட்டுச்சு, அதுக்கப்புறமும் வந்துட்டே இருந்தா தாராளமா ரிப்போர்ட் பண்ணுங்க. ஆனா யாருன்னே தெரியாதவன் அனுப்பினதுல இருக்கற அன்சப்ஸ்கிரைப் லிங்கை மட்டும் தொடாதீங்க, இந்த ஐடில ஆள் இருக்குனு அவனுக்கு நாமளே சொல்லிக்குடுத்த மாதிரி ஆயிடும், நேரா ஸ்பாம்தான்.

ஏன் இவ்வளவு பாக்கணும்னா, 1000 மெயிலுக்கு 3 பேரு ஸ்பாம்னு அமுக்கினாலே அனுப்புறவங்க பேரு கூகுள்கிட்ட கெட்டுப்போற அளவுக்கு போயிடும், அப்புறம் ஆசையா கேட்டு வாங்குறவங்களுக்கும் அது இன்பாக்ஸ்ல வராது. சின்னதா நடத்துறவங்க பாவம்.

பேங்க் கேஒய்சி, இன்கம்டாக்ஸ் ரீஃபண்ட்னு பாஸ்வேர்டோ ஓடிபியோ புடுங்க பாக்குறது வேற ஜாதி. அதுக்கு மூணு புள்ளி மெனுல "ரிப்போர்ட் ஃபிஷிங்" இருக்கு. சந்தேகம்னா கம்ப்யூட்டர்ல அதே மெனுல "ஷோ ஒரிஜினல்" பாருங்க, எஸ்பிஎஃப் (SPF), டிகேஐஎம் (DKIM), டிமார்க் (DMARC)னு மூணு சோதனை இருக்கும், மெயில் நிஜமாவே அந்த டொமைன்ல (அட்ரஸ்ல @-க்கு அப்புறம் வர்ற பேரு) இருந்து வந்துச்சான்னு பாக்கறது, அதுங்க பக்கத்துல ஃபெயில்னு இருந்தா உஷாராயிடுங்க. பாஸ்னு இருந்தா நல்லவன்னு அர்த்தமில்ல, அந்த டொமைன்ல இருந்துதான் வந்துச்சுன்னு மட்டும்தான், டொமைன் பேரையே ஒரு எழுத்து மாத்தி வாங்கியிருப்பான், அதனால அட்ரஸை எழுத்து எழுத்தா படிங்க. ஃப்ரெண்ட் ஐடில இருந்து அவசரமா பணம் கேட்டு வந்தா ரிப்போர்ட்டுக்கு முன்னாடி அவங்களுக்கு போன் போடுங்க, அக்கவுண்ட் ஹேக் ஆனதே தெரியாம இருப்பாங்க.

பணம் போயிடுச்சுன்னா பட்டனெல்லாம் அப்புறம், உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930-க்கு கூப்பிடுங்க, லேட் பண்ணாம சொன்னா பணம் அடுத்த அக்கவுண்டுக்கு தாவுறதுக்குள்ள முடக்கப் பாப்பாங்க. பேங்குக்கும் சொல்லிடுங்க. அந்த மெயிலை கோவத்துல அழிச்சிடாதீங்க, ஸ்பாம் ஃபோல்டர்ல விட்டாலும் 30 நாள்ல ஜிமெயிலே அழிச்சிடும், அதே மூணு புள்ளில "டவுன்லோட் மெசேஜ்" குடுத்து சேவ் பண்ணி வெச்சுக்கோங்க, புகார் குடுக்கறப்ப வேணும்.