எண்ணெய், எரிவாயு, சுரங்க ஒப்பந்தங்கள்: தவிர்க்க வேண்டிய சட்டத் தவறுகள்

எண்ணெய் வயலையோ சுரங்கத்தையோ வாங்கும் நிறுவனம், பெரும்பாலான நாடுகளில், மண்ணுக்கடியில் இருக்கும் வளத்தை வாங்குவதில்லை. அதை எடுப்பதற்கு அரசு வழங்கிய அனுமதியைத்தான் வாங்குகிறது. இயற்கை வளங்களின் மீது மக்களுக்கும் நாடுகளுக்கும் நிரந்தர இறையாண்மை உண்டு என்று ஐ.நா. பொதுச்சபை 1962-இல் 1803-ஆம் தீர்மானத்தில் அறிவித்தது. இதை மறந்து, பேரம் முழுவதையும் முடித்துவிட்டு, பத்திரம் எழுதுவதற்கு மட்டும் வழக்கறிஞரை அழைப்பதுதான் இத்துறையில் பெரும்பாலான இழப்புகளுக்கு ஊற்றுக்கண் என்பது என் உறுதியான கருத்து.

உரிமத்தின் நகலைப் பார்த்து நிறைவடைவது முதல் தவறு. இந்தோனேசியாவின் கிழக்குக் காலிமந்தானில் நிலக்கரிச் சுரங்க உரிமங்களை நம்பி முதலிட்ட சர்ச்சில் மைனிங் நிறுவனம், அவை ரத்து செய்யப்பட்டபோது சர்வதேச நடுவர் தீர்ப்பாயத்தை நாடியது. அந்த உரிமங்களே போலியானவை என்று கண்ட தீர்ப்பாயம், 2016-இல் கோரிக்கைகளை ஏற்க மறுத்துவிட்டது. உள்ளூர்க் கூட்டாளி காட்டும் தாள் போதாது. உரிமம் வழங்கிய அலுவலகத்தின் பதிவேட்டிலேயே கையொப்பம், அதிகாரம், எல்லை, காலக்கெடு ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். அதே நிலப்பரப்பில் வேறு யாருக்கேனும் உரிமம் உள்ளதா என்பதையும் அங்கேயே தேட வேண்டும்.

உண்மையான உரிமத்தையும் இழக்க வைக்கும் தவறு ஒன்று உண்டு: அரசின் ஒப்புதலின்றிப் பங்கை மாற்றிக் கொடுப்பது. ஈக்வடாரின் அமேசான் பகுதியில் 15-ஆம் எண்ணெய்த் தொகுதியை நடத்திவந்த ஆக்ஸிடென்டல் நிறுவனம், 2000-இல் அதன் 40 விழுக்காட்டுப் பொருளாதாரப் பலனை ஒரு கனடிய நிறுவனத்துக்குக் கொடுத்தது. சட்டப்படியான உரிமை இன்னும் தன்னிடமே இருக்கிறது, அது கைமாறுவது பிந்தைய கட்டம், ஒப்புதலை அப்போது பெற்றால் போதும் என்பது அதன் நிலைப்பாடு. அரசு அப்படிப் பார்க்கவில்லை. 2006-இல் ஒப்பந்தமே ரத்தானது. தவறுக்கு மிஞ்சிய தண்டனை என்று கருதிய தீர்ப்பாயம் 2012-இல் ஏறத்தாழ 177 கோடி டாலர் இழப்பீடு வழங்கியது. ஆனால் ஒப்புதல் பெறாத குற்றத்துக்காக 25 விழுக்காட்டைக் கழித்த பிறகே அந்தத் தொகை. கதை அதோடு முடியவில்லை. கைமாறிய 40 விழுக்காட்டுக்கான பகுதியை 2015-இல் மறுஆய்வுக் குழு நீக்கியதால், தொகை சுமார் 106 கோடியாகச் சுருங்கியது.

வழக்கில் வென்ற நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், ஒப்புதல் விதியை எவ்வளவு கண்டிப்பாகப் படிக்க வேண்டும் என்பதைக் கட்சிக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. பெயர் மாறினால் மட்டும்தான் மாற்றமா, பலன் மாறினாலும் மாற்றமா, தாய் நிறுவனத்தின் பங்குகள் வெளிநாட்டில் கைமாறினாலும் மாற்றமா என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்தந்த நாட்டுச் சட்டத்திலிருந்து எழுத்து வடிவில் விடை பெறாமல் பணம் கைமாறக் கூடாது.

ஒரு நாட்டு முதலீட்டாளரை மற்றொரு நாடு காப்பதாக இரு அரசுகள் செய்துகொள்ளும் முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தங்களைச் சிக்கல் முளைத்த பிறகு தேடுவதும் பயனற்றது. வெனிசுவேலாவில் மோபில் நிறுவனம் 2005-06-இல் தன் முதலீட்டை, அத்தகைய ஒப்பந்தத்தின் பாதுகாப்பைப் பெற, நெதர்லாந்து நிறுவனம் ஒன்றின் கீழ் கொண்டுவந்தது. அதற்குப் பின் நிகழ்ந்த 2007 தேசியமயமாக்கலை விசாரிக்க முன்வந்த தீர்ப்பாயம், அதற்கு முன்பே எழுந்திருந்த வரி, உரிமைத்தொகை (ராயல்டி) தகராறுகளை விசாரிக்க மறுத்தது.

கூட்டாளிகளுக்குள் செய்துகொள்ளும் கூட்டு இயக்க ஒப்பந்தத்தை மாதிரிப் படிவத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொள்வோர் பலர். வேலையை நடத்தும் நிறுவனம் கடும் கவனக்குறைவாக இருந்தாலன்றி, இழப்பைப் பங்கு விகிதப்படி எல்லோரும் சுமக்க வேண்டும் என்பதே அத்தகைய படிவங்களில் வழக்கமான ஏற்பாடு. கிணற்றின் பக்கமே போகாத சிறு கூட்டாளிக்கும் இது பொருந்தும். 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் 11 பேரைப் பலிகொண்ட மக்கோண்டோ எண்ணெய்க் கிணற்று விபத்துக்குப் பின், 25 விழுக்காடு பங்கு வைத்திருந்த அனடார்கோ, கிணற்றை நடத்திய பிபி நிறுவனம் கேட்ட தொகையைத் தர மறுத்து, கடும் கவனக்குறைவு என்று வாதிட்டது. இறுதியில் 2011-இல் 400 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. கடும் கவனக்குறைவு என்றால் எது, யாருடைய செயல் நிறுவனத்தின் செயலாகும், காப்பீடு எதுவரை தாங்கும் என்பவற்றைத் துளையிடுவதற்கு முன்பே வரையறுத்துக்கொள்ள வேண்டும்.

அரசின் முத்திரை இருந்தால் போதும், அங்கு வாழும் மக்களின் சம்மதம் மக்கள் தொடர்புத் துறையின் வேலை என்று ஒதுக்குவது, அறத்தின்படியும் சட்டத்தின்படியும் பெருந்தவறு. பெருவின் சாந்தா அனா வெள்ளிச் சுரங்கத் திட்டத்துக்கான அனுமதி ஆணை, மக்கள் போராட்டத்தை அடுத்து 2011-இல் ரத்தானது. அத்திட்டத்துக்கு உரிய பேர் கிரீக் நிறுவனத்துக்கு அநீதி நேர்ந்தது என்று 2017-இல் ஏற்ற தீர்ப்பாயம், மக்களின் எதிர்ப்புக்கு நடுவே திட்டம் நிறைவேறியிருக்கும் என்பதற்கு உறுதியில்லை எனக் கருதி, எதிர்கால லாபத்தைக் கணக்கில் கொள்ளாமல், செலவிட்ட தொகைக்கு ஈடாக 1.82 கோடி டாலர் மட்டும் வழங்கியது. மக்களோடு நடந்த கலந்தாய்வின் பதிவுகள், அவர்கள் மொழியிலேயே, வழக்கறிஞரின் கோப்பில் இருக்க வேண்டும்.

வயலை விற்றதோடு பொறுப்பு தீர்ந்தது என்று நினைக்கவும் கூடாது. பிரிட்டனின் 1998 பெட்ரோலியச் சட்டப்படி, வாங்கியவர் கடலிலுள்ள எண்ணெய் மேடைகளை அகற்றத் தவறினால், விற்றுச் சென்ற முன்னாள் உரிமையாளரையும் அரசு திரும்ப அழைக்க முடியும். ஆகவே விற்பனைப் பத்திரத்தில் விலைக்கு அடுத்தபடியாகப் பேச வேண்டியது, அகற்றும் செலவுக்கு வாங்குபவர் தரும் வங்கி உத்தரவாதமும், அத்தொகையை ஆண்டுதோறும் மறுமதிப்பீடு செய்யும் ஏற்பாடும்தான்.